நூற்றுக்கு அதிபதியின் கீழே எத்தனை பேர்? ரோமானியப் படையின் பதவிகளும் பிரிவுகளும்

கேள்வி இது: "சென்டூரியன் என்றால் நூறு பேருக்குத் தலைவன் என்று படித்தேன். வேறோர் இடத்தில் 80 பேர் என்று போட்டிருக்கிறது. எது சரி? லெஜியன், கோஹார்ட் என்பதையெல்லாம் நம் ராணுவத்தின் பட்டாலியன், கம்பெனி மாதிரி எடுத்துக்கொள்ளலாமா? யாருக்கு மேல் யார்? கடைசியாக, ரோமானிய வீரர்கள் தமிழகத்துக்கு வந்தார்களா?"

எண்ணிக்கையை முதலில் முடித்துவிடுவோம். 80தான். மதுரைக் கோயில் ஆயிரங்கால் மண்டபத்தின் தூண்களை எண்ணினால் 985தான் வரும். அதற்காக யாரும் மண்டபத்தின் பெயரை மாற்றவில்லை. சென்டூரியனின் பிரிவுக்கு இருந்த கெந்தூரியா (ஆங்கிலத்தில் செஞ்சுரி) என்ற லத்தீன் பெயரும் அப்படித்தான். நூறு என்ற சொல்லிலிருந்து பிறந்தது, எண்ணிக்கை மாறிய பிறகும் பெயர் ஒட்டிக்கொண்டது. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் அதில் 60 பேர், பேரரசுக் காலத்தில் 80. கிரிக்கெட்டில் 80க்கு அவுட்டானால் செஞ்சுரி கிடையாது, ரோமில் உண்டு.

இந்தப் படையைப் பற்றிப் படிக்கிறவர்கள் தடுக்கி விழுவதே பெரும்பாலும் பெயர்களில்தான். பெயர் ஒன்று சொல்லும், ஆள் வேறு வேலையில் இருப்பான். இன்னொரு சிக்கல், இது ஆயிரம் வருடத்துக் கதை. குடியரசுக் காலத்தில் கார்த்தேஜ் தளபதி ஹானிபாலை எதிர்த்து நின்ற படை வேறு, 4ஆம் நூற்றாண்டுச் சக்ரவர்த்தி கான்ஸ்டன்டைன் காலத்துப் படை வேறு. நான் இங்கே சொல்லப்போவது பெரும்பாலும் முதல் சக்ரவர்த்தி அகஸ்டஸ் காலத்திலிருந்து சுமார் கி.பி. 200 வரை இருந்த படையைப் பற்றி.

தளபதியிலிருந்து கீழே இறங்கி வந்தால் குழப்பம்தான் மிஞ்சும். கூடாரத்திலிருந்து மேலே ஏறுங்கள்.

ஒரு தோல் கூடாரத்தில் எட்டுப் பேர். இந்தக் குழுவுக்குக் கொன்டுபெர்னியம் என்று பெயர். கூடாரத்தைச் சுமக்க ஒரு கோவேறு கழுதை, கோதுமை அரைக்க ஒரு கைத்திரிகை. அரைப்பது, சமைப்பது, தின்பது, தூங்குவது எல்லாம் எட்டுப் பேரும் ஒன்றாக. நிரந்தர முகாமுக்குப் போனால் கூடாரத்துக்குப் பதிலாக இரண்டு சின்ன அறைகள் கிடைக்கும். ஒன்றில் சாமான்கள், மற்றதில் ஆட்கள். அந்த அறைகள் ஒரே நீளக் கட்டடத்தில் வரிசையாக இருக்கும். கடைசியில், நிறைய இடத்தை அடைத்துக்கொண்டு சென்டூரியனின் வீடு.

இப்படிப் பத்துக் கூடாரம் சேர்ந்தால் ஒரு செஞ்சுரி, 80 பேர். ஆறு செஞ்சுரி ஒரு கோஹார்ட், 480 பேர். பத்துக் கோஹார்ட் ஒரு லெஜியன். பெருக்கினால் 4,800 வரும். ஆனால் முதல் கோஹார்ட் மட்டும் தனி ரகம். அதில் ஐந்தே செஞ்சுரிகள், ஒவ்வொன்றும் இரட்டை அளவு, ஆக 800 பேர். அதையும் தூது போகவும் வேவு பார்க்கவும் வைத்திருந்த 120 குதிரைக்காரர்களையும் சேர்த்தால் சுமார் 5,240.

இரட்டை அளவு என்று எப்படித் தெரியும்? ஸ்காட்லாந்தில் இஞ்ச்டூத்தில் என்ற இடத்தில் ஒரு முழு லெஜியன் முகாம் கிடைத்தது. கி.பி. 80களில் கட்டத் தொடங்கிச் சில வருடங்களிலேயே கைவிட்டுப் போனது, அதன் மேல் பிறகு ஊர் எதுவும் எழவில்லை. அதனால் தரைத்திட்டம் அப்படியே மண்ணுக்குள் கிடந்தது. அதில் முதல் கோஹார்ட்டுக்கு ஐந்து பெரிய வீடுகளும் மற்றவர்களைவிட அதிகமான அறைத்தொகுதிகளும் தெளிவாகத் தெரிகின்றன. போகிற போக்கில் ஒன்று: காலி செய்த வீரர்கள் எட்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஆணிகளைக் குழி தோண்டிப் புதைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இரும்பு எதிரி கைக்குப் போகக் கூடாதாம்.

சரி, இதுவரை சொன்னதெல்லாம் ஏட்டுக் கணக்கு. நிஜம் எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டுமானால் வடக்கு இங்கிலாந்தில் விண்டோலாண்டா முகாமுக்குப் போக வேண்டும். 1973இலிருந்து அங்கே ஈர மண்ணுக்குள்ளிருந்து அஞ்சலட்டை அளவுள்ள மெல்லிய மரச் சீவல்கள் கிடைத்து வருகின்றன. மையால் எழுதியவை. ஒருவனுக்கு வீட்டிலிருந்து காலுறைகளும் இரண்டு ஜோடி செருப்பும் இரண்டு உள்ளாடையும் அனுப்பியதாக ஒரு கடிதம். மாஸ்குலஸ் என்ற அதிகாரி மேலதிகாரிக்கு எழுதிய கடிதத்தின் கடைசியில் ஒரு வரி, "பசங்களிடம் பீர் இல்லை, கொஞ்சம் அனுப்பச் சொல்லுங்கள்" என்கிற பாணியில்.

அந்தச் சீவல்களில் ஒன்று, கி.பி. 90களில் ஒரு மே 18ஆம் தேதி எடுத்த ஆள் கணக்கு. முதலாம் துங்கிரியர் கோஹார்ட் (இன்றைய பெல்ஜியப் பக்கத்து ஆட்கள்; லெஜியனில் சேராத துணைப்படை, அதைப் பற்றிப் பின்னால் வரும்), தலைவர் யூலியஸ் வெரிகுண்டஸ். மொத்தம் 752 பேர். அவர்களில் 456 பேர் முகாமிலேயே இல்லை. 337 பேர் கோரியா என்ற பக்கத்து முகாமில், 46 பேர் ஆளுநரின் மெய்க்காவலுக்கு, மற்றவர்கள் அங்கங்கே சிதறிக் கிடக்கிறார்கள். ஒரு சென்டூரியன் லண்டனில். முகாமில் மிச்சம் 296. அதிலும் 15 பேருக்கு உடம்பு சரியில்லை, 6 பேருக்குக் காயம், 10 பேருக்குக் கண்வலி. ஆக வேலைக்குத் தேறுகிறவர்கள் 265 பேர்.

இதில் எனக்குப் பிடித்தது வேறு ஒரு எண். 752 பேருக்கு ஆறே ஆறு சென்டூரியன்கள். வகுத்துப் பாருங்கள், தலைக்கு 125 பேர். 80தான் சரி என்று மேலே அடித்துச் சொன்னேன் அல்லவா? துங்கிரியர்களிடம் அது செல்லாது. அந்த ஆறு பேரில் ஐந்து பேர் அன்று வெளியூரில் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முகாமில் இருந்த 296 பேருக்கு ஒரே ஒரு சென்டூரியன்.

அப்புறம் பதவிகள். நம் கர்னல், மேஜர் வரிசையை இங்கே பொருத்தாதீர்கள். இன்றைய ராணுவத்தில் அதிகாரி என்பவர் முழுநேரத் தொழில்காரர். ரோமில் உச்சியில் இருந்தவர்களுக்குப் படை என்பது அரசியல் வாழ்க்கையில் ஒரு படிக்கட்டு.

லெஜியனுக்குத் தலைவர் லெகாட்டஸ். செனட் சபை உறுப்பினர், சக்ரவர்த்தி நியமிக்கும் ஆள். அவருக்கு அடுத்த இடத்தில், பதவி வரிசைப்படி, ஒரு பையன்! செனட் குடும்பத்தில் பிறந்து, அங்கியில் அகலமான ஊதாக் கரை போட்டுக்கொள்ளும் உரிமையோடு வந்து சேரும் இருபது வயதுக்காரன், டிரிபியூன் எனப்பட்ட ஆறு அதிகாரிகளில் மூத்தவன். மூன்றாவது இடத்தில்தான் முகாம் அதிகாரி. இவர் முப்பது வருடத்துக்கு மேல் படையில் ஊறியவர், ஒரு காலத்தில் முதல் சென்டூரியனாக இருந்தவர். அவருக்குக் கீழே குதிரைவீரர் வகுப்பு எனப்பட்ட இரண்டாம் தட்டுப் பணக்காரக் குடும்பங்களிலிருந்து வந்த ஐந்து டிரிபியூன்கள். இவர்களுக்கு ஊதாக் கரை மெல்லியது. வேலை பெரும்பாலும் நிர்வாகம்.

பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் இருபத்தைந்து வருடம் சர்வீஸ் போட்ட சுபேதார், நேற்றுக் கப்பலில் வந்திறங்கிய லெப்டினன்டுக்கு சல்யூட் அடித்ததை நினைத்துக்கொண்டால் இந்த அமைப்பு ஓரளவு பிடிபடும். அந்தச் சுபேதார் இடத்தில் நிற்பவர்தான் சென்டூரியன். ஆனால் ரோமானிய சென்டூரியனுக்கு அதிகாரமும் சம்பளமும் அதைவிட மிக அதிகம். படையை நிஜமாக நடத்தியது அவர்தான்.

ஒரு லெஜியனில் 59 சென்டூரியன்கள். ஒன்பது கோஹார்ட்டுக்கு ஆறு வீதம் 54, முதல் கோஹார்ட்டுக்கு ஐந்து. ஒவ்வொருவருக்கும் தனிப் பட்டம். பைலஸ், பிரின்செப்ஸ், ஹாஸ்டாட்டஸ் என்று மூன்று. ஒவ்வொன்றிலும் முன்னவர், பின்னவர் என்று இரண்டு. இந்தப் பெயர்களுக்கும் அவர்கள் செய்த வேலைக்கும் சம்பந்தமே இல்லை. முகலாயர் ஆட்சி போய் இத்தனை காலமான பிறகும் நாம் தாசில்தார், சிரஸ்தார் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம் இல்லையா, அது மாதிரி. பழைய குடியரசுக் காலத்தில் லெஜியன் மூன்று வரிசையாக நின்று போரிடும். முன்னால் இளைஞர்களான ஹாஸ்டாட்டிகள், நடுவில் பிரின்செப்ஸ்கள், கடைசியில் கிழட்டுப் புலிகளான டிரியாரிகள் (இவர்களுக்குத்தான் பைலஸ் என்ற மறுபெயர்). டிரியாரிகள் வரைக்கும் சண்டை வந்துவிட்டது என்றால் நிலைமை கைமீறிவிட்டது என்று லத்தீனில் ஒரு சொலவடையே உண்டு. அந்த மூன்று வரிசையும் கலைந்து நூறு இருநூறு வருடம் ஆன பிறகும் சென்டூரியன்களின் பட்டத்தில் மட்டும் அவை உயிரோடு இருந்தன.

59 பேரில் மூத்தவர் பிரைமஸ் பைலஸ், முதல் கோஹார்ட்டின் முதல் செஞ்சுரிக்குத் தலைவர். பொதுவாக ஒரு வருடம்தான் அந்தப் பதவி. முடித்து வெளியே வரும்போது சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தவன்கூடக் குதிரைவீரர் வகுப்புக்கு உயர்ந்துவிடுவான். ரோமானியச் சமூகத்தில் இவ்வளவு உயரம் ஏற வேறு ஏணிகள் அதிகம் இல்லை.

சென்டூரியனின் அடையாளம் கையிலிருக்கும் திராட்சைக்கொடிப் பிரம்பு. அழகுக்கு அல்ல. கி.பி. 14இல் அகஸ்டஸ் இறந்த செய்தி வந்ததும் டான்யூப் நதிக்கரை மாகாணமான பன்னோனியாவில் இருந்த மூன்று லெஜியன்கள் கலகம் செய்தன. அப்போது வீரர்கள் தேடிப் பிடித்துக் கொன்ற சென்டூரியன் ஒருவரின் பெயர் லூசிலியஸ். அவருக்கு வீரர்கள் வைத்திருந்த பட்டப்பெயர் 'இன்னொண்ணு கொண்டா'. ஒருவன் முதுகில் பிரம்பு முறிந்ததும் அவர் உரக்கக் கேட்பது அதுதான், மறுபடி மறுபடி. ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிடஸ் எழுதி வைத்திருக்கிறார்.

இன்னொரு சென்டூரியனின் முகத்தையே நாம் பார்க்கலாம். மார்கஸ் கேலியஸ், 18ஆம் லெஜியன், வயது 53. கி.பி. 9இல் டியூட்டோபர்க் காட்டில் ஜெர்மானியர்கள் மூன்று லெஜியன்களைச் சுற்றி வளைத்து அழித்தபோது இறந்தவர். தம்பி எழுப்பிய நினைவுக்கல் ஜெர்மனியில் சான்டன் ஊரில் கிடைத்தது, இப்போது பான் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மார்பு முழுக்கப் பதக்கங்கள், கையில் அதே பிரம்பு, இரண்டு பக்கமும் அவர் விடுதலை செய்த அடிமைகள் இருவரின் தலைகள். எலும்புகள் கிடைத்தால் இங்கே வைக்கலாம் என்று கல்லில் எழுதியிருக்கிறது. உடல் கிடைக்கவில்லை என்று அர்த்தம். அங்கே அழிந்த 17, 18, 19 என்ற மூன்று எண்களையும் ரோம் அதற்குப் பிறகு எந்த லெஜியனுக்கும் வைக்கவில்லை.

எண் என்றதும் இன்னொரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். 3ஆம் லெஜியன் என்று எங்காவது படித்தால் உடனே எந்த 3 என்று கேளுங்கள். அகஸ்டா, சிரேனைக்கா, கல்லிக்கா என்று ஒரே நேரத்தில் மூன்று 3ஆம் லெஜியன்கள் இருந்தன. உள்நாட்டுப் போரில் ஆளுக்கு ஆள் தனித்தனியாக ஒன்று, இரண்டு என்று எண் போட்டுப் படை திரட்டியிருந்தார்கள். ஜெயித்த அகஸ்டஸ் எதிராளியின் படைகளிலும் சிலவற்றைப் பழைய எண்ணோடு வைத்துக்கொண்டார்.

சென்டூரியனுக்குக் கீழே மூன்று பேர். ஆப்டியோ அவருடைய உதவியாள். போரில் வரிசைக்குப் பின்னால் நீண்ட கோலோடு நிற்பவர், பின்வாங்குகிறவனை முன்னே தள்ளுவது அவர் வேலை. சிக்னிஃபர் கொடிக்கம்பம் தூக்குபவர். அன்றிரவுக்கான அடையாளச் சொல்லை மரப்பலகையில் வாங்கிவந்து காவலுக்குக் கொடுப்பவர் டெசெராரியஸ். சிக்னிஃபருக்கு இன்னொரு வேலையும் உண்டு, வீரர்களின் சேமிப்புப் பணத்துக்கு அவர்தான் கணக்குப்பிள்ளை. கி.பி. 89இல் சாட்டர்னினஸ் என்ற ஆளுநர் முகாமில் குவிந்திருந்த இந்தச் சேமிப்பைத் துணைக்கு வைத்துக்கொண்டு கலகம் செய்ததால், இனி ஒருவன் 1,000 செஸ்டர்ஸுக்கு (ரோமானியக் காசு) மேல் முகாமில் போட்டுவைக்கக் கூடாது என்று சக்ரவர்த்தி டொமிஷியன் உத்தரவு போட்டார்.

சாதாரண வீரர்களுக்குள்ளும் ஒரு கோடு இருந்தது. கொல்லன், தச்சன், நில அளவைக்காரன், எழுத்தன், மருத்துவ உதவியாள் என்று கைத்தொழில் தெரிந்தவர்களுக்கு மண் வெட்டுவது, கல் உடைப்பதிலிருந்து விலக்கு. இவர்களுக்கு இம்யூனெஸ் என்று பெயர். கி.பி. 107இல் யூலியஸ் அப்பொலினாரியஸ் என்ற எகிப்துக்கார இளைஞன் அரேபியாவிலிருந்து அப்பாவுக்கு எழுதிய பாப்பிரஸ் கடிதம் கிடைத்திருக்கிறது. மற்றவர்களெல்லாம் நாள் முழுக்கக் கல் வெட்டிக்கொண்டிருக்கிறார்கள், நான் ஒன்றும் செய்யாமல் சும்மா சுற்றிவருகிறேன், சாமிக்கு நன்றி என்கிறான். எழுத்துவேலை கிடைத்த சந்தோஷம். அரசு ஆபீஸில் வேலை கிடைத்த பையன் ஊருக்குப் போன் செய்வது போலவே இருக்கும் அந்தக் கடிதம்.

சம்பளம்? அகஸ்டஸ் காலத்தில் லெஜியன் வீரனுக்கு வருடத்துக்கு 225 டெனாரியஸ் (வெள்ளிக்காசு, ஒன்றுக்கு நாலு செஸ்டர்ஸ்), மூன்று தவணையாக. டொமிஷியன் அதை 300 ஆக்கினார். பிடித்தம் போகத்தான் கைக்கு. இஸ்ரேலில் மசாடா கோட்டையில் கையஸ் மெஸ்ஸியஸ் என்ற பெய்ரூட்காரனின் சம்பளச் சீட்டு கிடைத்திருக்கிறது. ஒரு தவணைக்கு 50 டெனாரியஸ். பார்லிக்கு 16, சாப்பாட்டுக்கு 20, பூட்ஸுக்கு 5, தோல்வார்களுக்கு 2, லினன் அங்கிக்கு 7. கூட்டிப் பாருங்கள்.

ஆனால் கடைசியில் மொத்தமாக ஒன்று வரும். கி.பி. 6இல் அகஸ்டஸ் தனியாக ஒரு படைக் கருவூலம் அமைத்தார். வாரிசுச் சொத்துக்கு 5 சதவீதம், ஏலவிற்பனைக்கு 1 சதவீதம் என்று போட்ட வரி அதற்குப் போனது. அதிலிருந்து ஓய்வுபெறும் லெஜியன் வீரனுக்கு 3,000 டெனாரியஸ். பதிமூன்று வருடச் சம்பளத்துக்கு மேல். அதற்கு 25 வருடம் உயிரோடு இருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தக் காலம் முழுவதும் சட்டப்படி கல்யாணமும் கிடையாது. குடும்பம் இருந்தது, பிள்ளைகள் இருந்தார்கள். சக்ரவர்த்தி செப்டிமியஸ் செவிரஸ் காலம் வரை சட்டம்தான் கண்ணை மூடிக்கொண்டது.

இனி முக்கியமான பிரிவினை. லெஜியன் என்பது படையில் பாதிதான். ரோமானியக் குடியுரிமை இருப்பவர்களுக்கு மட்டும் அதில் இடம். மறுபாதி துணைப்படைகள்: ரோம் பிடித்த நாடுகளிலிருந்து வந்தவர்கள். இவர்களுக்கு லெஜியன் கிடையாது. தனித்தனிக் கோஹார்ட்டுகள், ஒவ்வொன்றும் 500 அல்லது 1,000 பேர் என்று பெயரளவில். தலைவர் ஒரு பிரிஃபெக்ட். குதிரைப்படைக்கு ஆலா என்று பெயர், அதாவது இறக்கை. அதன் சிறு பிரிவு முப்பது பேர் கொண்ட துர்மா. அதன் தலைவன் டெக்கூரியன், பெயர்ப்படி பத்துப் பேருக்குத் தலைவன்! சிரியாவிலிருந்து வில்லாளிகள், பலேரிக் தீவுகளிலிருந்து கவண்காரர்கள், ரைன் முகத்துவாரத்திலிருந்து ஆயுதத்தோடு ஆறு நீந்தும் படேவியர்கள் என்று ஒவ்வொரு ஊரின் வித்தையும் இங்கேதான் வந்து சேர்ந்தது. 25 வருடம் முடித்தால் குடியுரிமை; அதற்குச் சான்றாக இரண்டு வெண்கலத் தகடுகளைச் சேர்த்து முத்திரையிட்டு வாங்கிக்கொள்ளலாம்.

தமிழ் வேதாகமம் படித்தவர்களுக்கு இந்த வித்தியாசம் ஒரு சுவையான இடத்தில் உதவும். 'நூற்றுக்கு அதிபதி' என்ற சொல்லே நமக்கு அங்கிருந்துதான் பழக்கம். சிலுவையடியில் நின்றவரைச் சினிமாவில் பட்டைப் பட்டையான இரும்புக் கவசம் போட்ட லெஜியன்காரராகக் காட்டுவார்கள். ஆனால் அந்தக் காலத்தில் யூதேயாவில் லெஜியன் எதுவும் நிலைகொண்டிருக்கவில்லை. லெஜியன்கள் வடக்கே சிரியாவில் இருந்தன. பிலாத்துவிடம் இருந்தவை துணைப்படைகள், பெரும்பாலும் செசரியா, செபாஸ்தே பக்கத்து உள்ளூர் ஆட்கள். 10ஆம் ஃபிரெடென்சிஸ் லெஜியன் எருசலேமில் குடியேறியது கி.பி. 70இல் நகரம் விழுந்த பிறகு. அப்போஸ்தலர் நடபடிகளில் பவுலைப் பிடிக்கும் சேனாபதி கிளவுதியு லீசியாவும் இப்படிப்பட்ட ஒரு கோஹார்ட்டின் தலைவர்தான். கிரேக்க மூலத்தில் அவருக்கு 'ஆயிரவர் தலைவன்' என்று பட்டம். நிறையப் பணம் கொடுத்துக் குடியுரிமை வாங்கினேன் என்று அவர் பவுலிடம் சொல்வதன் கனம், அதே குடியுரிமைக்கு அவருடைய வீரர்கள் 25 வருடம் உழைத்தார்கள் என்று தெரிந்தால் புரியும்.

ரோம் நகரில் சக்ரவர்த்திக்குக் காவலாக இருந்த பிரிட்டோரியன் படை தனிச் சாதி. 16 வருடம்தான் சேவை, சம்பளமோ பல மடங்கு. கி.பி. 193இல் ஒரு சக்ரவர்த்தியைக் கொன்றுவிட்டு அரியணையை ஏலம் விட்டார்கள். டிடியஸ் யூலியானஸ் தலைக்கு 25,000 செஸ்டர்ஸ் கொடுத்து எடுத்தார், இரண்டு மாதம் ஆண்டார். 312இல் கான்ஸ்டன்டைன் அந்தப் படையையே கலைத்துவிட்டார்.

அதற்குள் மற்றதெல்லாமும் மாறியிருந்தது. 212இல் சக்ரவர்த்தி கரகல்லா பேரரசின் சுதந்திர மக்கள் அனைவருக்கும் குடியுரிமை கொடுத்ததும் லெஜியன், துணைப்படை என்ற கோடு அழிந்தது. 4ஆம் நூற்றாண்டில் எல்லைப்படை, நகரும் படை என்று வேறு பிரிவினை வந்தது. லெஜியன் என்ற பெயர் நீடித்தது, ஆள் மட்டும் ஆயிரம் அளவுக்குச் சுருங்கிவிட்டது. மறுபடியும் ஆயிரங்கால் மண்டபக் கதை.

கடைசிக் கேள்வி. முல்லைப்பாட்டில் பாசறையில் அரசனுக்குக் காவலாக யவனர்கள் வருகிறார்கள், சிலப்பதிகாரத்தில் மதுரைக் கோட்டை வாயிலில் வாளோடு நிற்கிறார்கள். ஆனால் யவனர் என்பது முதலில் கிரேக்கர்களையும் பிறகு மேற்கிலிருந்து வந்த எல்லாரையும் குறித்த சொல். இவர்கள் நம் மன்னர்களிடம் கூலிக்கு நின்றவர்கள். ரோம் அனுப்பிய பிரிவு அல்ல. முசிறியில் இரண்டு கோஹார்ட்டுகள் நிறுத்தப்பட்டிருந்தன என்று சில பழைய புத்தகங்களில் பார்க்கலாம். அதற்குக் கல்வெட்டோ ஆவணமோ எதுவும் இல்லை. பழைய ரோமானிய வழிவரைபடம் ஒன்றில் முசிறிக்குப் பக்கத்தில் அகஸ்டஸ் கோயில் என்று போட்டிருப்பதிலிருந்து ஊகித்தது. கோயில் கட்ட வியாபாரிகளே போதும்.

வீரர்கள் இங்கே வரவில்லை. இங்கிருந்து ஒன்று அவர்களிடம் போனது. விண்டோலாண்டாச் சீவல்களில் யார் யார் என்ன வாங்கினார்கள், எவ்வளவு பாக்கி என்று செஞ்சுரிவாரியாக எழுதிய கடைக்கணக்கு ஒன்று உண்டு. மேலங்கி, துண்டு, கொழுப்பு, தோல்வார் என்று போகும் அந்தப் பட்டியலில் தாப்போ மகன் கம்பாக்ஸ் என்ற வீரன் பெயருக்கு நேரே மிளகு, 2 டெனாரியஸ் என்று இருக்கிறது. சேர நாட்டுக் கரையில் கப்பலேறி, செங்கடலும் நைல் நதியும் தாண்டி, ரோமானிய பிரிட்டனின் வடகோடிக் குளிருக்குப் போய்ச் சேர்ந்த மிளகு.